பேர் மெலிசா இருக்கலாம், தேதி மெலிசா இருக்கக் கூடாது



சேமிப்பு, கடன், கணக்குப் பதிவேடு என்று பல பாடங்கள் இந்தப் பக்கத்தில் படித்திருக்கிறோம். இந்த மாதம் எழுத்தைப் பற்றிப் படிக்கப் போகிறோம். “அதான் அறிவொளியிலேயே கத்துக்கிட்டோமே”ன்னு சொல்லாதீங்க. இது அ, ஆ பாடம் இல்லை. நம்ம பாக்கெட் மேலேயும் பாட்டில் மேலேயும் போர்டு மேலேயும் எந்த மாதிரி எழுத்து போடணும் என்கிற பாடம். நாம் செய்த ஒரு தப்பிலிருந்துதான் இந்தப் பாடம் வந்தது. அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை வருகிற சாலையோரத்தில் நம்ம கூட்டமைப்பு சார்பாக ஒரு ஸ்டால் போட்டோம். பருப்புப் பொடி, கொய்யா ஜாம், துணிப்பை எல்லாம் வைத்திருந்தோம். பருப்புப் பொடிக்குப் புது லேபிள். கரும்பச்சை நிறம், அதில் வெள்ளையில் மெல்லிய எழுத்து. டி.டி.பி. கடையில் கம்ப்யூட்டரில் பார்த்தபோது அவ்வளவு லட்சணம். 1000 லேபிள் அடித்துவிட்டோம்.

ராத்திரி எட்டு மணி இருக்கும். பையனைக் கூட்டிக்கொண்டு நடந்து வந்த ஒரு தாய் பாக்கெட்டைக் கையில் எடுத்து, “அக்கா, இதுல கடலை சேர்த்திருக்கா? இவனுக்குக் கடலை பட்டாலே உடம்பெல்லாம் தடிச்சுப் போயிரும், மூச்சு இழுக்கும்”னு கேட்டாங்க. ஸ்டாலில் அப்போது இருந்தவர் வேறு குழு. பொடி இடித்தவர் இல்லை. லேபிளைத் திருப்பி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். எழுத்து தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். “கடலை” என்று ஏதோ தெரிந்தது. அதுக்கு முன்னாடி இருக்கிற எழுத்து “பொ.” என்பதா, “நி.” என்பதா என்று புரியவில்லை. பொட்டுக்கடலையா, நிலக்கடலையா?

இடித்த குழுவுக்கே போன் போட்டுக் கேட்டோம். நிலக்கடலைதான். அந்த அம்மா பாக்கெட்டை வைத்துவிட்டு, “நல்ல வேளை, கேட்டேன்”னு சொல்லிட்டுப் போனாங்க. அன்றைக்கு யாரும் போனை எடுக்காமல் இருந்திருந்தால்? “அதெல்லாம் இல்லம்மா”ன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தால்? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

அடுத்த கூட்டத்தில் யார் தப்பு என்று பேச்சு வந்தது. கடைக்காரத் தம்பியைச் சொல்லி என்ன பண்ண? “மெலிசா, அழகா போடுங்க தம்பி”ன்னு கேட்டது நாமதான். எங்கே மெலிசு வேணும், எங்கே தடிப்பு வேணும் என்று நமக்குத் தெரியவில்லை. அதைத்தான் இப்போது தெரிந்துகொள்வோம்.

எழுத்துக்கும் கனம் உண்டு

ஒரே ‘அ’வை மெல்லிய கோட்டிலும் எழுதலாம், தடித்த கோட்டிலும் எழுதலாம். உருவம் ஒன்றுதான், கோட்டின் பருமன் மட்டும் வேறு. இதை எழுத்தின் கனம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த எழுத்துகளை மெலிசு, நடுத்தரம், தடிப்பு என்று பல கனங்களில் வடிவமைத்துக் கம்ப்யூட்டருக்குத் தருகிறார்கள். கடையில் இதை ‘பாண்ட்’ என்பார்கள். தமிழில் எழுத்துரு.

இன்னொரு பிரிவும் உண்டு. சில எழுத்துருக்கள் பத்தி பத்தியாகப் படிப்பதற்கு என்றே செய்தவை. சில, தலைப்பில் பெரிதாகப் போடுவதற்கு என்றே செய்தவை. தலைப்பு எழுத்தைச் சின்னதாக்கினால் அதன் அழகும் போகும், படிக்கவும் வராது.

நமக்குப் பக்கத்து ஊர்ப் பேரையே வைத்த ஒரு எழுத்துரு இருக்கிறது, ‘அரிமா மதுரை’. போர்த்துகல் நாட்டைச் சேர்ந்த நத்தானியேல் காமா, ஜோவானா கொரேயா என்ற இருவரும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் சேர்த்து வடிவமைத்தது. இது தலைப்புக்கான எழுத்து. கூர்மையான முனை இல்லாமல், பேனாவால் எழுதியது போல வளைந்து மிருதுவாக இருக்கும். மிக மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை 8 கனங்களில் வந்தது. அதன் மெல்லிய எழுத்தைப் பெரிதாகப் போட்டுப் பார்த்தால், ஒரே இழையில் வளைத்து வளைத்துப் போட்ட மாதிரி இருக்கும்.

இதை நமக்குத் தெரிந்த கோலத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். மார்கழியில் வாசல் நிறைய மெல்லிய இழையில் சிக்குக்கோலம் போட்டால் கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சி! இழைக்கும் இழைக்கும் நடுவே தரை தெரிவதால்தான் அந்த அழகு. அதே கோலத்தை உள்ளங்கை அகலத்துக்குள் போடச் சொன்னால்? ஒன்று மாவு ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துவிடும், இல்லை இழை அறுந்து அறுந்து போகும். மெல்லிய எழுத்தும் அப்படித்தான். அதற்குப் பெரிய வாசல் வேணும்.

தமிழ் எழுத்துக்கு மட்டும் உள்ள சிக்கல்

ஆங்கில எழுத்தில் பெரும்பாலும் நேர்கோடும் வட்டமும்தான். நம்ம எழுத்தில் சுழி, கொம்பு, கால், புள்ளி என்று சின்னச் சின்ன உறுப்புகள் அதிகம். பொருளே அதில்தான் இருக்கிறது. மெலிசான எழுத்தைச் சின்னதாக அச்சடித்தால் முதலில் காணாமல் போவது இவைதான்.

புள்ளி: ‘கல்’ என்பதில் புள்ளி போனால் ‘கல’. மெல்லிய எழுத்தில் புள்ளியும் ஊசிமுனை அளவுதான் இருக்கும். அச்சில் விழாமலே போகலாம்.

காலும் ரகரமும்: ‘ா’வுக்கும் ‘ர’வுக்கும் கீழே உள்ள சின்னச் சாய்வுதான் வித்தியாசம். அது தேய்ந்தால் இரண்டும் ஒன்றுதான்.

சுழி: ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். இங்கே தடித்த எழுத்திலும் ஆபத்து உண்டு. ரொம்பத் தடிப்பாகச் சின்ன அளவில் போட்டால் சுழிக்குள் மை அடைத்து, ண, ஞ, இ எல்லாம் கறுப்பு உருண்டையாகிவிடும். அதனால் சின்ன எழுத்துக்கு நடுத்தரக் கனம்தான் நல்லது.

எண்: ‘8’இல் ஒரு பக்கம் கோடு விழாவிட்டால் ‘3’. எட்டாம் மாதம் செய்த சரக்கு மூன்றாம் மாதச் சரக்காகத் தெரியும். கடைக்காரர் பழைய சரக்கு என்று திருப்பி அனுப்புவார்.

மெலிசு எங்கே அழிகிறது?

நாம் பொருளை விற்கிற ஒவ்வொரு இடத்திலும் எழுத்துக்கு ஒரு சோதனை இருக்கிறது.

நிறத்துக்குள் வெள்ளை எழுத்து: நம்ம லேபிளில் நடந்தது இதுதான். கரும்பச்சையில் வெள்ளை எழுத்து என்றால், மெஷின் வெள்ளையை அச்சடிப்பதில்லை. சுற்றிலும் பச்சை மையைப் போட்டு, எழுத்து இருக்கிற இடத்தைக் காலியாக விடுகிறது. மை ஒரு மயிரிழை பரவினாலும் அந்தக் காலி இடம் அடைத்துக்கொள்ளும். மெல்லிய எழுத்துக்கு அந்த மயிரிழையே பாதி உடம்பு.

பல நிறம் கலந்த எழுத்து: ஆஃப்செட்டில் நான்கு மைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடித்துத்தான் மற்ற நிறங்களைக் கொண்டுவருகிறார்கள். ஒரு மை கொஞ்சம் விலகி விழுந்தாலும் மெல்லிய எழுத்து இரட்டையாகத் தெரியும். சின்ன எழுத்து எதுவானாலும் தனிக் கறுப்பு மையில் அடிக்கச் சொல்லுங்க.

துணிப்பை: ஸ்கிரீன் பிரிண்டிங்கில் வலைத்துணி வழியாக மை இறங்குகிறது. மெல்லிய கோடு வலையின் கண்ணில் அறுந்து அறுந்து விழும். துணி சொரசொரப்பாக இருந்தால் இன்னும் மோசம்.

ரப்பர் ஸ்டாம்ப்: தேதியும் பேட்ச் எண்ணும் நாம் முத்திரை குத்துகிறோம். அழுத்திக் குத்தினால் ஒழுகுகிறது, லேசாகக் குத்தினால் விழவில்லை. ஸ்டாம்ப் செய்யக் கொடுக்கும்போதே தடித்த எண் என்று சொல்லிவிடணும்.

ஜெராக்ஸ் நோட்டீஸ்: மெல்லிய எழுத்தை ஜெராக்ஸ் எடுத்தால் மங்கும். அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் பாதி காணாது.

பிளக்ஸ் போர்டு: வெயிலில் நிறம் வெளுக்கும்போது மெல்லிய எழுத்துதான் முதலில் கண்ணுக்கு மறையும்.

போர்டுக்கு ஒரு கணக்கு

ஸ்டாலில் இன்னொரு தப்பும் செய்தோம். ஆறுக்கு மூன்று அடி பிளக்ஸில் கூட்டமைப்பின் பெயரை மெல்லிய எழுத்தில் வைத்திருந்தோம். பாதயாத்திரைக்காரர்கள் சாலையின் அந்தப் பக்கமாக நடந்து போனார்கள். யாருக்கும் படிக்கவில்லை.

போர்டு தொழிலில் ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள்: 10 அடி தூரத்துக்கு எழுத்து 1 அங்குல உயரம். 30 அடி அகலச் சாலைக்கு எதிரே நின்று படிக்கணும் என்றால் எழுத்து 3 அங்குலமாவது வேணும். அது சாதாரணக் கனத்துக்கான கணக்கு. மெலிசு என்றால் இன்னும் பெரிதாகணும். நடந்துகொண்டே, தோளில் காவடியோடு, ராத்திரியில் பார்க்கிறவர்களுக்கு இன்னும் பெரிதாகணும். அதற்குப் பதில் தடித்த எழுத்தே போட்டுவிடலாம்.

அந்தக் காலத்தில் திருவிழாக் கடைகளில் நல்லதங்காள் கதை, விக்கிரமாதித்தன் கதை எல்லாம் விற்பார்கள். அட்டையிலேயே ‘பெரிய எழுத்து’ என்று போட்டிருக்கும். அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியவர்களும், சிம்னி விளக்கில் படிக்கிறவர்களும் அந்த வார்த்தையைப் பார்த்தே வாங்கினார்கள். யார் படிக்கப் போகிறார்கள், எந்த வெளிச்சத்தில் படிக்கப் போகிறார்கள் என்று அன்றைக்கே கணக்குப் பண்ணியிருக்கிறார்கள்.

அப்போ மெல்லிய எழுத்தே வேண்டாமா?

அப்படி இல்லை. அதற்கென்று ஒரு குணம் இருக்கிறது. தடித்த எழுத்து கூவி விற்கிற மாதிரி. மெல்லிய எழுத்து பக்கத்தில் வந்து தணிவாகப் பேசுகிற மாதிரி. சுத்தம், மென்மை, இயற்கை என்கிற எண்ணத்தைப் பார்க்கிறவர் மனதில் உண்டாக்கும். மூலிகை சோப்பு, தேன், கைத்தறித் துண்டு, பரிசுப் பெட்டி, விசேஷ அழைப்பிதழின் தலைப்பு, இதற்கெல்லாம் நல்ல பொருத்தம்.

நம்ம கொய்யா ஜாமையே எடுத்துக்கொள்வோம். ஆயக்குடி கொய்யாவின் இளஞ்சிவப்புச் சதையில் செய்தது. கண்ணாடிப் பாட்டிலில் அதன் நிறமே அழகு. வெளிர்ந்த லேபிளில் ‘கொய்யா ஜாம்’ என்ற இரண்டே வார்த்தையைப் பெரிதாக, கரும்பச்சையில், மெல்லிய எழுத்தில் போட்டால் எடுப்பாக இருக்கும். ஆனால் ஐந்து விஷயம் பார்க்கணும்.

1. வார்த்தை குறைவாக இருக்கணும். ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று.

2. எழுத்தைச் சுற்றி இடம் விடணும். எழுத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு இடம் நாலு பக்கமும் காலியாக இருந்தால் நல்லது. “இடம் சும்மா கிடக்குதே, ஒரு பூ போடலாமே”ன்னு நினைக்காதீங்க.

3. வெளிர் நிறத்தின் மேல் அடர்ந்த எழுத்து. மஞ்சளில் வெள்ளை, பச்சையில் நீலம் வேண்டாம். பின்னால் போட்டோவும் வேண்டாம்.

4. நிழல், ஓரக்கோடு, பளபளப்பு எதையும் சேர்க்க வேண்டாம். மெல்லிய எழுத்தின் உருவத்தை அது கெடுத்துவிடும்.

5. இடத்தை நிரப்ப எழுத்தை இழுத்து அகலமாக்கவோ, நெருக்கி ஒடுக்கவோ வேண்டாம். இழுத்தால் நிற்கிற கோடு ஒரு பருமன், படுக்கிற கோடு ஒரு பருமன் ஆகிவிடும்.

பேரைத் தாண்டினால் நடுத்தரக் கனம்

பெயர் தவிர லேபிளில் வருகிற மற்றதெல்லாம் தகவல். சேர்மானப் பொருட்கள், நிகர எடை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்தணும், பேட்ச் எண், அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் பெயர், முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவின் 14 இலக்க எண், பச்சை நிறச் சைவக் குறி. நிலக்கடலை, பால், சோயா, கோதுமை போல சிலருக்கு ஒத்துக்கொள்ளாத பொருள் சேர்ந்திருந்தால் அதைத் தனியாக எடுத்துச் சொல்லணும் என்று 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிகள் சொல்கின்றன. எழுத்தும் எண்ணும் இத்தனை மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்றும் விதி உண்டு. பாக்கெட்டின் அளவைப் பொறுத்து அது மாறும். அச்சடிக்கும் முன் உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் மாதிரியைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்க. இந்தத் தகவல்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ கட்டாயம் இருக்கணும், கூடவே தமிழிலும் போடலாம். நம்ம ஊரில் வாங்குகிறவர்களுக்காகத் தமிழைக் கட்டாயம் சேருங்க.

இந்தத் தகவலுக்கு மெல்லிய எழுத்து கூடவே கூடாது. தேதிக்கும் எடைக்கும் ஒத்துக்கொள்ளாத பொருளுக்கும் தடித்த எழுத்து, மற்றதற்கு நடுத்தரம். “நி.கடலை” என்று சுருக்க வேண்டாம், “நிலக்கடலை” என்று முழுசா போடுங்க. கையளவுக்கு விதி போக ஒரு வீட்டுக் கணக்கும் வைத்துக்கொள்வோம்: படுத்துக் கிடக்கிற ஒரு அரிசியின் தடிமனைவிட, அதாவது ஏறத்தாழ 2 மில்லிமீட்டரைவிட, ‘ப’ என்ற எழுத்து சின்னதாக இருந்தால் ஒருமுறைக்கு இரண்டு முறை யோசியுங்க.

டி.டி.பி. கடையில் என்ன கேட்பது?

கடையில் “12 பாயிண்ட் போட்டிருக்கேன்”னு சொன்னால் அதோடு விடாதீங்க. 72 பாயிண்ட் ஒரு அங்குலம். ஆனால் 12 பாயிண்ட் என்றால் ‘ப’ 12 பாயிண்ட் உயரம் இருக்காது. மேலே கொம்பு, புள்ளி, கீழே உகரம் எல்லாவற்றுக்கும் இடம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. பாண்டுக்குப் பாண்ட் அது மாறும். அதனால் அச்சடித்த தாளில் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்க.

பல கனங்களில் கிடைக்கிற, காசில்லாமல் இறக்கிக்கொள்ளக்கூடிய, வியாபாரத்துக்கும் பயன்படுத்த அனுமதியுள்ள தமிழ் எழுத்துருக்கள் இப்போது நிறைய இருக்கின்றன. அரிமா மதுரை சொன்னோம். ‘முக்தா மலர்’, ‘ஹிந்த் மதுரை’ இருக்கின்றன. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த ‘கட்டமரன்’ 9 கனங்களில் கிடைக்கிறது. நம்ம கட்டுமரத்தின் பெயர்தான் அது. “பேருக்கு மெலிசு, தகவலுக்கு அதே குடும்பத்தில் நடுத்தரம், தேதிக்குத் தடிப்பு” என்று கேட்டால் லேபிள் முழுதும் ஒரே சாயலாக இருக்கும். வேலை முடிந்ததும் பி.டி.எஃப். ஆக வாங்கிக் குழுவில் வைத்துக்கொள்ளுங்க.

அச்சடிக்கும் முன் ஐந்து சோதனை

1. கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டுவதை நம்பாதீங்க. அசல் அளவில் ஒரு தாளில் எடுத்துப் பாக்கெட்டில் ஒட்டிப் பாருங்க.

2. ராத்திரியில், வீட்டு பல்பு வெளிச்சத்தில், கை நீட்டிப் பிடித்துப் படியுங்க.

3. அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை இன்னொரு ஜெராக்ஸ் எடுங்க. தேதியும் சேர்மானமும் தெரிந்தால் பாஸ்.

4. போர்டு என்றால் சுவரில் ஒட்டி, வாங்குகிறவர் நிற்கும் தூரத்துக்கு நடந்து போய்த் திரும்பிப் பாருங்க.

5. குழுவில் வயதில் மூத்தவரையும், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவரையும் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்க. அவர்கள் எங்கே தடுக்குகிறார்களோ அங்கே எழுத்தை மாற்றுங்க.

கடைசிச் சோதனைதான் முக்கியம். அந்தக் கூட்டத்தில் பொடி இடிக்கிற ஒரு மூத்த உறுப்பினர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “நான் இடிச்ச பொடி, என் பேரு போட்ட பாக்கெட்டு. அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கே படிக்க வரல. படிக்கத் தெரியாததாலன்னு நெனச்சு வெக்கப்பட்டு சும்மா இருந்துட்டேன்.” அவருக்குப் படிக்கத் தெரியும். எழுத்துதான் படிக்கும்படி இல்லை. அவர் அன்றைக்கே சொல்லியிருந்தால் 1000 லேபிளும் மாறியிருக்கும். அதனால், படிக்க வரவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்க. கேட்கிறவர்களும் “கண்ணாடி போடுங்கக்கா”ன்னு தள்ளிவிடாதீங்க.

மீதி இருந்த லேபிளை நாம் தூக்கிப் போடவில்லை. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தில் “இதில் நிலக்கடலை சேர்ந்துள்ளது” என்று தொடங்கிச் சேர்மானம் முழுவதையும் அடித்து, இரண்டு மத்தியானம் உட்கார்ந்து ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒட்டினோம். பார்க்க ஒட்டுப்போட்ட சேலை மாதிரிதான் இருந்தது. ஆனால் பங்குனி உத்திரத்தில் கேட்டவர்களுக்கு பாக்கெட்டைத் திருப்பிக் காட்டியே பதில் சொன்னோம். புது லேபிளில் பேர் மட்டும் மெலிசு.

அடுத்த கூட்டத்தில் கலந்து பேசுங்க

1. நம்ம குழுப் பொருளின் லேபிளை எல்லோராலும் படிக்க முடிகிறதா? எந்த வரி படிக்கவில்லை?

2. நம்ம போர்டு எத்தனை அடி தூரத்திலிருந்து படிக்கும்படி இருக்கணும்? இப்போது எத்தனை அங்குலம் இருக்கிறது?

3. ஒத்துக்கொள்ளாத பொருள் நம்ம தயாரிப்பில் உண்டா? லேபிளில் அது எங்கே இருக்கிறது?

4. ஸ்டாலில் உட்காருகிற வேறு குழு உறுப்பினருக்கு நம்ம பொருளில் என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியுமா?

பேசி முடிவெடுத்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க. அதையும் தெளிவா, பெரிய எழுத்தா எழுதுங்க!